'டிரி ஃபின் குவி'க்குள்ள இருக்கற பழைய வாக்கியம்: வாசகர் கேள்வி, அக்கா பதில்

கேள்வி: அக்கா, எழுத்தே கெடைக்காத ஒரு மொழியில யாரோ ஒரு ஜெர்மன்காரர் ஆட்டையும் குதிரையையும் வச்சு கதை எழுதினாராம். பழைய சொல்லக் கண்டுபிடிக்கறாங்க, சரி. ஆனா எந்தச் சொல்லு முன்ன வரும், எது பின்ன வரும்னு எப்படித் தெரியும்? யாரும் காதால கேக்கலையே? (ஒரு வாசகி, ரோஸ்ஹில்)

பதில்: தங்கச்சி, நீங்க படிச்சது ஆகஸ்ட் ஷ்லைஷர் 1868ல எழுதினது. சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன், ஜெர்மன் இதுக்கெல்லாம் தாயா ஒரு மொழி இருந்திருக்கணும்னு கணக்கு போட்டாங்க இல்லையா, ஆதி இந்தோ-ஐரோப்பியம்னு சொல்றது, அதுலதான் எழுதினாரு. ரோமம் இல்லாத ஒரு ஆடு சில குதிரைகளப் பாக்குது, ஒண்ணு வண்டி இழுக்குது, ஒண்ணு பாரம் சுமக்குது, ஒண்ணு ஆள ஏத்திக்கிட்டு ஓடுது, ஆடு பரிதாபப்படுது, குதிரைங்க பதில் சொல்லுது, ஆடு ஓடிப்போயிருது, அவ்வளவுதான் கதை.

இதுல ஒரே ஒரு இடத்த மட்டும் பாருங்க. ஷ்லைஷர் எழுதினதுல 'பாத்துச்சு குதிரைகள'ன்னு வரிசை. 1979ல லேமன், ஸ்குஸ்தான்னு ரெண்டு மொழி அறிஞர்கள் அதே கதைய மறுபடி எழுதினாங்க, அதுல 'குதிரைகளப் பாத்துச்சு'ன்னு வினை கடைசிக்குப் போயிருச்சு. கதையும் அதேதான், மொழியும் அதேதான்னு ரெண்டு பக்கமும் சொல்றாங்க, ஆனா 111 வருஷத்துல வாக்கியம் திரும்பி நிக்குது. உங்க சந்தேகம் நியாயமானதுதான்னு இதுவே சொல்லுது.

நடுவுல என்ன நடந்துச்சுன்னா, துருக்கியில போகாஸ்கொய்னு ஒரு ஊர்ல தோண்டி எடுத்த களிமண் பலகைகள 1915ல பெத்ரிஷ் ஹ்ரோஸ்னின்னு ஒரு செக் அறிஞர் படிச்சாரு. அது ஹிட்டைட் மொழி, இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்துல எழுத்து கெடைச்சதுலயே ரொம்பப் பழசு. அவரு முதல்ல புடிச்ச வாக்கியம் 'நு நிண்டா-அன் எஸ்ஸத்தேனி, வாடர்-மா எகுத்தேனி'. ரொட்டிய தின்பீங்க, தண்ணி குடிப்பீங்கன்னு அர்த்தம். வரிசையப் பாத்தீங்களா, அப்படியே நம்ம தமிழ் வரிசை, வினை கடைசியில. ஹிட்டைட்ல பெரும்பாலும் இப்படித்தான், வேத மொழியிலயும் வினை கடைசியில வர்றதுதான் சாதாரணம், அதனால பழசுலயும் அப்படி இருந்திருக்கும்னு நிறைய பேரு வந்துட்டாங்க. ஆனா லேமன் 1974லயே ஒரு முழுப் புத்தகம் எழுதி 'வினை கடைசிதான்'னு அடிச்சுச் சொன்னப்ப அதுக்கு பலத்த எதிர்ப்பும் வந்துச்சு. வரிசை ரொம்ப சுலபமா மாறிரும், பக்கத்து வீட்டு மொழியப் பாத்துகூட மாறிரும், அத மட்டும் வச்சு தீர்ப்பு எழுதக்கூடாது. என் கருத்தும் அதுதான்.

சொல்லுக்கு ஒலி இருக்கு, ஒலி ஒழுங்கா மாறும். லத்தீன்ல 'பாட்டர்'னா இங்கிலீஷ்ல 'ஃபாதர்', லத்தீன் 'பிஸ்கிஸ்'னா இங்கிலீஷ் 'ஃபிஷ்', ப போன எடத்துல எல்லாம் ஃப. ஒரு தடவை இல்ல, தடவைக்குத் தடவை. வாக்கியத்துக்கு அந்த மாதிரி இல்ல. நம்ம அம்மா நமக்கு வாக்கியங்கள மூட்டை கட்டிக் குடுக்கறதில்ல, காதுல விழுந்தத வச்சு பிள்ளை தானா ஒரு இலக்கணத்தக் கட்டிக்குது. டேவிட் லைட்ஃபுட் 1979ல இதத்தான் எழுப்பினாரு, எந்த வாக்கியத்துக்கு எந்த வாக்கியம் ஜோடின்னு வச்சு ஒப்பிடுவீங்கன்னு. கனமான கேள்வி. இன்னிக்கும் அதுக்கு பதில் சொல்லிட்டுதான் இந்தத் துறையில யாரும் மேல பேச முடியும்.

பதில் எங்க இருக்குன்னா சின்னச் சின்ன சொல்லுல இருக்கு. யாக்கோப் வாக்கர்நாகல் 1892லயே கவனிச்சாரு, கிரேக்கத்துலயும் சமஸ்கிருதத்துலயும், தனியா அழுத்தம் இல்லாத குட்டிச் சொல்லுங்க வாக்கியத்துல ரெண்டாவது எடத்துல போய் ஒட்டிக்குது, முதல் சொல்லு எதுவா இருந்தாலும் சரி. ஹிட்டைட்ட யாரும் படிக்காத காலம் அது. 23 வருஷம் கழிச்சு ஹ்ரோஸ்னி படிச்சப்ப பாத்தா அதே ரெண்டாவது எடத்துல குட்டிச் சொல்லுங்க வரிசை கட்டி நிக்குது! மேல உள்ள வாக்கியத்துல 'வாடர்-மா'ன்னு இருக்கே, அந்த 'மா' அப்படிப்பட்டதுதான். அதுவரை யாரும் படிச்சிராத ஒரு மொழி, முன்னாடி சொன்னத வந்து உறுதி பண்ணிச்சு. எனக்கு இந்தத் துறை மேல நம்பிக்கை வந்ததுக்கு இந்த ஒரு சம்பவம்தான் காரணம்.

கேள்வி: நம்ம மொரிஷியஸ்ல பேசற கிரியோல் மொழி உடைஞ்ச பிரெஞ்சு, எங்க அப்பா அதுக்கு இலக்கணம் கிடையாதுன்னு சொல்றாரு. எனக்கு அப்படித் தோணல அக்கா. ஆனா எடுத்துச் சொல்ல தெரியல. (ஒரு தம்பி, வாக்வா)

பதில்: தம்பி, நேத்து ராத்திரி எங்க வீட்டு அடுப்படியில நடந்தத சொல்றேன். குக்கர் விசில் அடங்கினதும் என் பையன் உள்ள எட்டிப் பாத்து 'மா, டிரி ஃபின் குவி?'ன்னு கேட்டான். சோறு வெந்துருச்சான்னு. மூணே மூணு சொல்லு.

'டிரி'ன்னா அரிசி, சோறு. பிரெஞ்சுல 'ரி'தான் அரிசி, முன்னாடி இருக்கற 'டி' என்ன? 'து ரி'ன்னு, கொஞ்சம் அரிசின்னு சொல்லும்போது வர்ற 'து'. அது சொல்லோட சேர்ந்து இறுகிப் போச்சு. 'டிலோ' (த லோ, தண்ணி), 'லாகாஸ்' (லா காஸ், வீடு), 'லாமேர்' (லா மேர், கடல்) எல்லாம் இதே கதை. இதுல எனக்கு ரொம்பப் புடிச்சது 'ஸ்வாஸோ', பறவை. பிரெஞ்சுல பறவை 'வாஸோ', ஸ எங்கேருந்து வந்துச்சு? 'லே-ஸ்-வாஸோ'ன்னு பன்மையில சேத்து சொல்லும்போது நடுவுல வர்ற ஸ அது. 'ஸானிமோ'லயும் அதே ஸதான். அதாவது பிரெஞ்சே மறந்து போய், நம்ம தீவு கிரியோல் மட்டும் மிச்சம் இருந்தாக்கூட, ஒரு ஆளு கிரியோலப் பாத்தே 'இந்த மூலமொழியில பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி லா, து, லே-ஸ் மாதிரி குட்டிச் சொல்லு நின்னிருக்கணும்'னு சொல்லிரலாம். ஒரு காலத்துல தொடரா இருந்தது இன்னிக்கு சொல்லுக்குள்ள பொதைஞ்சு கெடக்கு. இத்தனை சொல்லுல ஏன் ஒட்டிச்சுங்கறதுக்கு தனியா ஒரு வாதம் இருக்கு. அடிமையா கொண்டு வரப்பட்ட ஆப்பிரிக்கா மக்கள் பேசின பாந்து மொழிகள்ல பெயர்ச்சொல்லுக்கு முன்னொட்டு உண்டு, அந்தப் பழக்கம் காரணமா இருக்கலாம்னு.

இன்னிக்கு 'அந்த வீடு'ன்னு சொல்லணும்னா என்ன சொல்றோம்? 'லாகாஸ்-லா'. முன்னாடி ஒரு லா செத்துப் போச்சு, பின்னாடி ஒரு லா உயிரோட இருக்கு. பின்னாடி உள்ள லா எங்கேருந்து வந்துச்சுன்னு பாக்க ஹெய்ட்டிக்கு போகணும். ஹெய்ட்டி கிரியோல்ல 'டிரி ஆ ஃபின் குவித்'னு சொன்னா 'அந்தச் சோறு வெந்து முடிஞ்சுது'. அந்த 'ஆ'வும் லாதான், உயிரெழுத்துக்குப் பின்ன ல விழுந்துருச்சு. ஹெய்ட்டி எங்க, மொரிஷியஸ் எங்க? அட்லாண்டிக் கடல்ல ஒரு கோடி, இந்தியப் பெருங்கடல்ல ஒரு கோடி. ரெண்டு எடத்துலயும் பெயருக்குப் பின்னாடி லா, ரெண்டு எடத்துலயும் வினைக்கு முன்னாடி 'ஃபின்' (ஃபினிர், முடிக்கறது). அப்ப கப்பல் ஏறி வந்த பிரெஞ்சுக்காரன் வாய்ல 'அந்த வீடு-லா'ன்னு பேசற பழக்கம் ஏற்கெனவே இருந்திருக்கணும். இருந்துச்சு, 'செத் மேஸோன்-லா'ன்னு இன்னிக்கும் பேச்சு பிரெஞ்சுல சொல்றாங்க.

இன்னொண்ணு சொல்லாம விட முடியாது. நாம 'மோ பெ மான்ஸே'ன்னு சொல்றோம், சாப்ட்டுக்கிட்டு இருக்கேன். பக்கத்து ரீயூனியன் தீவுல 'முவேன் லே ஆப்ரே மான்ஸே'. ஹெய்ட்டியில 'ம் ஆப் மான்ழே'. பெ, ஆப்ரே, ஆப் மூணும் 'ஆப்ரே'ங்கற ஒரே சொல்லோட தேய்ஞ்ச உருவம். ஆனா ஸ்கூல்ல நமக்குச் சொல்லிக் குடுத்த பிரெஞ்சுல 'ஆப்ரே'ன்னா 'பிறகு', சாப்ட்டுக்கிட்டு இருக்கேங்கறதுக்கு 'ஆன் த்ரேன் த'ன்னுதானே எழுத வைப்பாங்க? பாட புத்தக பிரெஞ்ச மட்டும் அம்மான்னு வச்சா இது எங்கேருந்து வந்துச்சுன்னே புரியாது. பழைய பிரெஞ்சு பேச்சுல 'ஆப்ரே' போட்டு நடந்துக்கிட்டு இருக்கற வேலையச் சொல்ற வழக்கம் இருந்துச்சு, கியூபெக் பக்கம் பேச்சுல இன்னும் கேக்கலாம். அதனால உங்க அப்பாகிட்ட மரியாதையா சொல்லுங்க தம்பி, உடைஞ்சது இல்லப்பா, பாரிஸ் பள்ளிக்கூடம் தூக்கிப் போட்டத நம்ம கிரியோல் பத்திரமா வச்சிருக்குன்னு.

இலக்கணம் இல்லன்னு சொல்றவங்களுக்கு ஒரு சின்ன சோதனை. 'மோ பெ மான்ஸே'ன்னு நிறுத்தினா மான்ஸே. பின்னாடி சாப்பிடற பொருளு வந்தா 'மோ பெ மான்ஸ் டிரி', ஏ விழுந்துரும். 'மோ பெ மான்ஸே டிரி'ன்னு சொல்லிப் பாக்கச் சொல்லுங்க, அப்பாவுக்கே காது கூசும். அந்தக் கூச்சம்தான் இலக்கணம்.

கேள்வி: நான் பிரெஞ்சு டீச்சர். எல்லாப் பிள்ளை மொழிகளுக்கும் ஒரு விஷயம் பொதுவா இருந்தா அது அம்மா மொழிகிட்டேருந்து வந்ததுன்னு எடுத்துக்கலாம்தானே? (ஒரு வாசகி, கியூர்பிப்)

பதில்: எடுத்துக்கக்கூடாது டீச்சர், அதுக்கு உங்க பாடத்துலயே சாட்சி இருக்கு. பிரெஞ்சுல 'ல', இத்தாலியன்ல 'இல்', ஸ்பானிஷ்ல 'எல்', எல்லாத்துலயும் பெயருக்கு இங்கிலீஷ் 'தி' மாதிரி அந்தக் குட்டிச் சொல்லு உண்டு. இவங்க அம்மா லத்தீன். லத்தீன்ல அது கிடையவே கிடையாது! லத்தீன் எழுத்து நமக்குக் கெடைக்காம போயிருந்தா தலைய எண்ணிப் பாத்து 'அம்மாவுக்கும் இருந்துச்சு'ன்னு எழுதி வச்சிருப்போம், தப்பா போயிருக்கும்.

ஆனா நிதானமா பாத்தா பிள்ளைகளே காட்டிக் குடுத்துருது. ருமேனியன்ல அது பெயருக்குப் பின்னாடி ஒட்டும், 'ஓம்'னா மனுஷன், 'ஓமுல்'னா அந்த மனுஷன். சார்டீனியா தீவுல சொல்லே வேற, 'சு', அது லத்தீன் 'இப்சே'லேருந்து வந்தது, மத்ததெல்லாம் 'இல்லே'லேருந்து. எடம் ஒத்துக்கல, சொல்லும் ஒத்துக்கல, அப்ப பிரிஞ்சு போன பிறகு அவங்கவங்க முழுசா வளர்த்துக்கிட்டதுன்னு சந்தேகம் வரணும். ஒரே மாதிரி கட்டடம் போதாது, செங்கல்லும் ஒரே சூளையில வெந்ததா இருக்கணும்.

அதுக்கு நேர் எதிரா எதிர்காலத்த எடுத்துக்கோங்க. பிள்ளைங்களுக்கு 'ழ ஷாந்த்ரே, து ஷாந்த்ரா, இல் ஷாந்த்ரா, நூ ஷாந்த்ரோன், வூ ஷாந்த்ரே, இல் ஷாந்த்ரோன்'னு மனப்பாடம் பண்ண வைக்கறீங்களே, அந்தக் கடைசி ஒலிகள மட்டும் கரும்பலகையில தனியா எழுதுங்க. பக்கத்துலயே 'ழே, து ஆ, இல் ஆ, நூ-ஸாவோன், வூ-ஸாவே, இல்-ஸோன்'னு எழுதுங்க. ரெண்டாவது 'அவ்வார்', எனக்கு இருக்கு உனக்கு இருக்குங்கற வினை. ஒண்ணுக்கொண்ணு ஒட்டிப் பாத்தா பிள்ளைங்களே கண்டுபிடிச்சிருவாங்க. 'பாட எனக்கு இருக்கு'ன்னு ரெண்டு சொல்லா இருந்ததுதான் பாடுவேன்னு ஒரே சொல்லா ஆச்சு. ஸ்பானிஷ் 'காந்தாரே', இத்தாலியன் 'காந்தெரோ' எல்லாம் அதே சரக்குதான். ரெண்டு சொல்லுதான்னு எப்படி உறுதியா சொல்றதுன்னு யாராவது கேட்டா போர்ச்சுகீஸ காட்டுங்க. அங்க எழுத்து நடையில 'அதைப் பாடுவேன்'ங்கறதுக்கு 'காந்தா-லு-எய்'னு இன்னும் இருக்கு, 'அதை'ங்கற 'லு' வினையோட வயித்துக்குள்ள போய் உக்காந்துருக்கு! நடுவுல மூட்டு இருந்தாத்தானே உள்ள போக முடியும்? டால்மி கிவோன் 1971ல சொன்னாரு, இன்னிக்கு சொல்லமைப்பா இருக்கறது நேத்து தொடரமைப்பா இருந்ததுன்னு. அது எல்லா எடத்துலயும் பலிக்காது, விகுதி வரிசைய அப்படியே பழைய சொல் வரிசைன்னு எடுத்துட்டு மாட்டிக்கிட்டவங்க உண்டு, ஆனா தேட ஆரம்பிக்கறதுக்கு நல்ல எடம்.

கேள்வி: ஐரோப்பா கதையெல்லாம் சரி அக்கா, நம்ம தமிழுக்கு இந்த மாதிரி செஞ்சிருக்காங்களா? ஸ்கூல்ல 'முற்றெச்சம்'னு ஒண்ணு படிச்சேன், எதுக்குன்னே புரியல. (ஒரு வாசகர், கத்ர்-போர்ன்)

பதில்: நீங்க ரெண்டா கேட்டிருக்கீங்க அண்ணே, ஆனா ரெண்டுக்கும் ஒரே பதில்.

'வந்து சாப்ட்டான்'னு இன்னிக்கு சொல்றோம். முதல் வினை எச்சம், அதுல ஆளு தெரியாது, ரெண்டாவது வினையில 'ஆன்' வந்து ஆளச் சொல்லுது. சங்கப் பாட்டுல வேற மாதிரி ஒரு பழக்கமும் இருக்கு. அகநானூறு 5ஆம் பாட்டுல 'மோயினள் உயிர்த்த காலை'ன்னு வரும். மகன் தலையில இருந்த பூமாலைய மோந்து பெருமூச்சு விட்ட நேரம்னு அர்த்தம், ஆனா 'மோந்து'ன்னு இல்லாம 'மோயினள்'னு முழு முற்றா, 'அவள் மோந்தாள்'னு ஆளோட நிக்குது. உரைகாரங்க இத முற்றெச்சம்னு பேரு வச்சு, முற்று எச்சப் பொருள்ல வந்துச்சுன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. நமக்கும் பரீட்சைக்கு 'கண்டனன் வணங்கினான்'னு ஒரு உதாரணம் எழுதினா மார்க் வந்துரும், ஏன்னு யாரும் கேக்கறதில்ல. 'உண்டேன் அல்லேன்'னு எதிர்மறையிலயும் பாருங்க, ரெண்டு தடவ 'ஏன்'. இன்னிக்கு 'சாப்பிடல'ன்னு ஆளே இல்லாம முடிச்சிர்றோம்.

சான்ஃபோர்ட் ஸ்டீவர்னு ஒரு அமெரிக்க அறிஞர் இத செய்யுளுக்காக வளைச்சதுன்னு தள்ளிவிடாம, ஒடிசா மலைப்பக்கம் பேசற கூயி, பெங்கோ மாதிரி திராவிட மொழிகளோட வச்சுப் பாத்தாரு. அங்க சில வினைகளுக்குள்ள ஏதோ கூடுதல் துண்டு இருக்கும், அந்த மொழிய மட்டும் பாத்தா ஏன்னு புரியாது. ஆளு விகுதியோட ரெண்டு வினை பக்கத்துல பக்கத்துல நின்னு, நாளாவட்டத்துல சுருங்கி ஒண்ணானதுன்னு வச்சா கணக்கு சரியா வருது. தமிழ்ல 2000 வருஷத்துக்கு முந்தின பாட்டு ஒரு பக்கம், எழுத்து இல்லாத மலை மொழிங்க இன்னொரு பக்கம். ரெண்டும் ஒண்ணா சாட்சி சொல்லவும், திராவிட மொழிகளுக்கெல்லாம் தாயான ஆதி திராவிடத்துலயே ரெண்டு முற்று வினை ஜோடியா ஒரே ஆள காட்டி நிக்கற தொடர் இருந்துச்சுன்னு 1988ல புத்தகமாவே எழுதினாரு. நம்ம உரைகாரங்க பேரு வச்சு பத்திரப்படுத்தலன்னா இந்த நூல் பிடியே கெடைச்சிருக்காது, அந்த நன்றி எனக்கு எப்பவும் உண்டு.

பாட்டுல சொல்லு எடம் மாறும், அத மட்டும் நம்பலாமான்னு நீங்க கேக்கலாம். அதுக்குத்தான் கல்வெட்டு. மதுரைப் பக்கம் மாங்குளம் குகையில தமிழ் பிராமியில 'கொட்டுபித்த பளிஇய்'னு வெட்டியிருக்கு. வெட்டிக் குடுக்க வச்ச பள்ளி (துறவிங்க தங்கற எடம்)னு அர்த்தம், உரைநடைதான். பெயரெச்சம் முன்னாடி, பெயரு பின்னாடி. இன்னிக்கு நாம 'கட்டின வீடு'ங்கறோம், தெலுங்குல 'வச்சின அப்பாயி', கன்னடத்துல 'பந்த ஹுடுக', மலையாளத்துல 'வந்ந குட்டி', எல்லாத்துலயும் வரிசையும் ஒண்ணு, கடைசியில நிக்கற 'அ'வும் ஒண்ணு. கட்டடமும் செங்கல்லும் ஒத்துப் போகுது. அங்க பாகிஸ்தான்ல பிராகூயி மொழி மட்டும் 'கி'ன்னு ஒரு சொல்லு போட்டு வேற மாதிரி நீட்டிச் சொல்லும், ஆனா அந்த 'கி' ஈரானிய மொழிங்ககிட்ட கடன் வாங்கினது, அதனால அத பழசுன்னு எண்ணக்கூடாது.

மலையாளத்த பத்தி ஒரு வார்த்தை. அங்க ஞானும் 'வந்நு', அவனும் 'வந்நு', ஆளு விகுதி இல்ல. பழைய மலையாள எழுத்துல இருந்துச்சு, பிறகு போச்சு. எளிமையா இருக்கறதுதான் பழசுன்னு நெனைக்கறவங்க இத கட்டாயம் பாக்கணும்.

கேள்வி: அப்ப உலகத்துல எல்லா மொழிக்கும் தமிழ்தான் மூலமா? ஹிட்டைட்கூட தமிழ் வரிசைன்னு நீங்களே சொல்றீங்களே! (ஒரு தம்பி, போர்ட் லூயிஸ்)

பதில்: இல்ல தம்பி. வினை கடைசியில வர்றது ஜப்பான்லயும் உண்டு, துருக்கியிலயும் உண்டு, உலக மொழிகள்ல ரொம்ப சகஜம். வரிசை ஒத்துப் போனா உறவு இல்ல, சரக்கும் ஒத்துப் போகணும். தமிழுக்கு இருக்கற பெருமை போதும், இல்லாதத சேக்க வேண்டாம்.

கேள்வி: எங்க பாட்டிக்கு 91 வயசு, குடும்பத்துல தமிழ் பேசற கடைசி ஆளு அவங்கதான். இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு உதவற மாதிரி நான் ஏதாவது செய்யலாமா அக்கா? (ஒரு வாசகி, கூட்லண்ட்ஸ்)

பதில்: செய்யுங்கம்மா, இந்த வாரமே செய்யுங்க. நம்ம ஜனங்க 1834லேருந்து ஒப்பந்தக் கூலியா வந்து எறங்கினாங்க, அதுக்கு நூறு வருஷம் முன்னாடியே பாண்டிச்சேரிப் பக்கத்துலேருந்து கைவினைக்காரங்க வந்துட்டாங்க, எந்தெந்த ஊர்ப் பேச்சு எல்லாம் இங்க வந்து கலந்துச்சுன்னு பாட்டி மாதிரி ஆளுங்க வாய்லதான் மிச்சம் இருக்கு. இங்க எல்லாரும் சொல்லத்தான் சேக்கறாங்க, கரிபூலே, முரும், ரசோன்னு பட்டியல் போட்டு கிரியோல்ல இருக்கற தமிழ்னு காட்டுவாங்க. அது நல்லதுதான், ஆனா வாக்கியத்த யாரும் சேக்கறதில்ல, பாட்டிமாரு போனா அதுவும் கூடவே போயிருது.

ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. 'தண்ணிக்கு என்ன சொல்வீங்க'ன்னு கேக்காதீங்க, அதுக்கு ஒரு சொல்லுதான் வரும். அவங்க கல்யாணத்த பத்தி, காவடி எடுத்தத பத்தி, புயல் அடிச்ச ராத்திரிய பத்தி கேளுங்க, அப்பதான் நீளமா பேசுவாங்க. கிரியோல் கலந்து பேசினா திருத்தாதீங்க, கலந்து பேசும்போது வினை எங்க போய் நிக்குதுன்னு பாக்கறதுதான் முக்கியம். 'நேத்து வந்த ஆளு'ன்னு சொல்றாங்களா, இல்ல 'ஆளு, அவன் நேத்து வந்தான்ல'ன்னு கிரியோல் மாதிரி பின்னாடி நீட்டறாங்களா, மாட்டேன், இல்ல, கூடாது எல்லாத்தையும் எங்கெங்க போடறாங்கன்னு பிறகு நிதானமா கேட்டு, கேட்டபடியே எழுதுங்க, எழுத்துத் தமிழா மாத்தாதீங்க. ஒரு வாக்கியம் ரெண்டு தடவ வேற வேற மாதிரி வந்தா ரெண்டையும் எழுதுங்க. கூடவே தேதி, பாட்டி பொறந்த ஊரு, அவங்க அப்பா அம்மா இந்தியாவுல எந்த ஊருன்னு தெரிஞ்சா அதுவும். ஃபைல ரெண்டு எடத்துல வைங்க, ஃபோன்ல மட்டும் வைக்காதீங்க. முதல் அரை மணி நேரத்த எழுதி முடிச்சதும் பாட்டி சம்மதிச்சா எனக்கும் ஒரு காப்பி அனுப்புங்க, உக்காந்து சேந்து கேப்போம்.